எல்என்ஜி கப்பல் தொட்டிக்குள் எழும் அலைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கப்பலை வெளியே இருந்து அலை அடிப்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். உள்ளே ஏற்றியிருக்கும் சரக்கே அலையாக எழுந்து தொட்டிச் சுவரை அறைவதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. திரவச் சரக்கு எதுவானாலும் இது நடக்கும். ஆனால் ஆய்வு பெரும்பாலும் திரவ இயற்கை எரிவாயு, அதாவது எல்என்ஜி ஏற்றும் கப்பல்களைச் சுற்றியே நடக்கிறது. அதனால் இந்தப் பக்கமும் அந்தக் கப்பல்களைத்தான் பிடித்துக்கொள்கிறது.

தொட்டிக்குள் திரவம் ஆடுவதில் அப்படி என்ன பெரிய பிரச்சினை?

ஆடுவது பிரச்சினையில்லை, தாளம் சேருவதுதான் பிரச்சினை. கப்பல் சாயும்போது திரவம் ஒரு பக்கம் ஓடும், நிமிரும்போது மறுபக்கம் திரும்பும். தொட்டியின் நீள அகலத்தையும் திரவத்தின் ஆழத்தையும் பொறுத்து, திரவம் தானாக ஒருமுறை போய்த் திரும்ப ஆகும் நேரம் ஒன்று உண்டு. கப்பல் ஆடும் நேரம் அதற்குப் பக்கத்தில் வந்துவிட்டால், ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதன் மேல் சேர்ந்துகொண்டே போகும். கப்பல் லேசாகத்தான் ஆடுகிறது, உள்ளே மட்டும் பெரிய அலை எழுகிறது என்ற நிலை அப்படித்தான் வருகிறது.

கணக்காகவே பார்க்கலாம். இன்றைய பெரிய எல்என்ஜி கப்பலில் ஒரு தொட்டியின் அகலம் சுமார் 38 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வெறும் செவ்வகத் தொட்டி என்று எடுத்துக்கொண்டு, 19 மீட்டர் ஆழத்துக்குத் திரவம் இருந்தால் அது ஒருமுறை போய் வர 7.3 நொடி ஆகும். ஆழம் 6 மீட்டர்தான் என்றால் 10 நொடிக்குக் கொஞ்சம் மேல். கடல் அலைகளின் காலமும் ஏறத்தாழ 5 முதல் 15 நொடி வரைதான். வீட்டு வாளித் தண்ணீருக்கு இந்த நேரம் ஒரு நொடிகூட இல்லை. அளவு பெரிதாகப் பெரிதாக, தொட்டியின் தாளம் கடலின் தாளத்துக்குள் வந்து விழுகிறது.

நிறைகுடம் தளும்பாது என்பார்களே, அது இங்கே பொருந்துமா?

நன்றாகவே பொருந்தும். தொட்டி கிட்டத்தட்ட நிரம்பியிருந்தால் திரவம் ஓட இடமில்லை. ஒரே ஒரு திருத்தம்: அடியில் கொஞ்சமாக இருந்தாலும் பயம் குறைவுதான், அடிக்கப் போதுமான திரவம் அங்கே இல்லை. நடுவில் இருப்பதுதான் வம்பு. எல்என்ஜி கப்பல்களின் நிரப்பு விதி முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது. அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

கச்சா எண்ணெய் டேங்கரில் இதைப் பற்றி இவ்வளவு பேச்சில்லையே, ஏன்?

எண்ணெய் டேங்கரின் தொட்டிச் சுவர் கப்பலின் சொந்த இரும்புதான். தேவைப்பட்டால் உள்ளே குறுக்குத் தடுப்புகளும் விட்டங்களும் வைக்கலாம். அவை ஆட்டத்தை உடைத்துவிடும்.

எல்என்ஜி-யில் அந்த வழி அடைபட்டுப் போகிறது. இயற்கை எரிவாயுவை மைனஸ் 162 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்வித்தால் திரவமாகி, கன அளவு ஏறக்குறைய 600-இல் ஒரு பங்காகச் சுருங்கும். அதனால்தான் கப்பலில் ஏற்றுவது கட்டுப்படியாகிறது. ஆனால் அந்தக் குளிர் பட்டால் சாதாரணக் கப்பல் இரும்பு நொறுங்கும் தன்மைக்கு வந்து விரிசல் விடும். சரக்கு ஒருபோதும் கப்பலின் உடலைத் தொடக் கூடாது. எனவே இடையில் வெப்பம் கடத்தாத தடித்த அடுக்கும், அதன் மேல் கசியாத மெல்லிய தகடும் வேண்டும். இதற்குத்தான் மெம்பிரேன் தொட்டி என்று பெயர். இந்த வடிவமைப்பின் பெரும்பகுதி பிரான்சின் ஜிடிடி நிறுவனத்தினுடையது. காஸ்டிரான்ஸ்போர்ட், டெக்னிகாஸ் என்ற இரண்டு நிறுவனங்கள் 1994-இல் சேர்ந்து உருவானது அது.

மெல்லிய தகட்டில் தடுப்பு எதையும் மாட்ட முடியாது. ஆகவே தொட்டியின் உள்பக்கம் ஒன்பது மாடிக் கட்டடம் உயரத்துக்கு வெறும் கூடம்தான். நடுவில் இருப்பது பம்புகளைத் தாங்கும் குழாய்க் கோபுரம் ஒன்று மட்டும். திரவம் ஆட இதைவிட வசதியான இடத்தை யாரும் வேண்டுமென்றே கட்டித்தர முடியாது!

அந்த மெம்பிரேன் எவ்வளவு மெல்லியது?

முதல் தடவை கேட்பவர்கள் நம்ப மாட்டார்கள். என்ஓ96 என்ற வகையில் தகடு 0.7 மில்லிமீட்டர். இன்வார் என்ற, 36 சதவீதம் நிக்கல் கலந்த உலோகம். குளிரில் அது சுருங்குவதே இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவாகச் சுருங்கும். அதனால் நீளப் பட்டைகளாக மடித்துப் பற்றவைத்து அப்படியே இழுத்துப் பிடிக்கலாம். அதன் பின்னால் ஒட்டுப்பலகையில் செய்த பெட்டிகள் வரிசையாக நிற்கும். பெட்டிக்குள் பொரித்த எரிமலைப் பாறைத் துகளான பெர்லைட்டோ கண்ணாடிக் கம்பளியோ இருக்கும். அதற்கும் பின்னால் இன்னொரு இன்வார் தகடு, இன்னொரு வரிசைப் பெட்டிகள், அப்புறம்தான் கப்பலின் இரும்பு.

மார்க் 3 என்ற இன்னொரு வகையில் தகடு 1.2 மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இது குளிரில் சுருங்கும் என்பதால் இரண்டு திசையிலும் 34 சென்டிமீட்டர் இடைவெளியில் புடைப்பு மடிப்புகள் வைத்திருப்பார்கள். குளிரும்போது மடிப்பு கொஞ்சம் திறந்துகொடுக்கும், தகடு கிழியாது. பின்னால் கண்ணாடி இழை கலந்த பாலியூரிதேன் நுரைப் பலகை.

பாரத்தைத் தாங்குவது தகடு இல்லை என்பதைக் கவனியுங்கள். தகடு கசிவைத் தடுக்கிறது, அவ்வளவுதான். அடி நேராகப் பின்னால் இருக்கும் பலகைக்கும் நுரைக்கும் போகிறது. தளும்பல் ஆய்வில் வரும் பெரும்பாலான கவலை தகடு கிழியுமா என்பதல்ல, பெட்டி நசுங்குமா, நுரை அமுங்குமா, மடிப்பு பக்கவாட்டில் சாயுமா என்பதுதான்.

இது முதலில் எப்போது தெரியவந்தது?

அலாஸ்காவிலிருந்து ஜப்பானுக்கு எல்என்ஜி வணிகம் 1969-இல் தொடங்கியது. அதற்கென்று ஸ்வீடனில் கட்டிய இரட்டைக் கப்பல்கள் போலார் அலாஸ்காவும் ஆர்க்டிக் டோக்கியோவும். ஒவ்வொன்றும் 71,500 கன மீட்டர் கொள்ளளவு, இன்வார் மெம்பிரேன். ஓடத் தொடங்கிய முதல் சில ஆண்டுகளுக்குள்ளேயே இரண்டிலும் மெம்பிரேன் சேதமடைந்தது. காலியாகத் திரும்பும் பயணத்தில் தொட்டியைக் குளிராகவே வைத்திருக்க அடியில் கொஞ்சம் திரவம் விடுவது வழக்கம். அந்தத் திரவம்தான் வில்லன். போலார் அலாஸ்காவில் பம்புகளுக்குப் போகும் மின்கம்பிகளைத் தாங்கிய சட்டத்தைப் பெயர்த்தெடுத்தது. உடைந்த துண்டுகள் மெம்பிரேனைக் குத்தின.

இரண்டு பாடம் கிடைத்தது. எவ்வளவு திரவம் விடலாம் என்பதற்கு எல்லை வேண்டும், உள்ளே உடைந்து விழக்கூடிய எதையும் வைக்கக் கூடாது. அதன்பின் நிரப்பு விதிகள் வந்தன, நீண்ட காலம் பெரிய பேச்சில்லை. 2000-களின் நடுவில் கப்பல்கள் பெரிதாகத் தொடங்கியதும் கதை மறுபடி தொடங்கியது. 1,38,000 கன மீட்டர் கொண்ட கப்பல் ஒன்றில் 2006 வாக்கில் மெம்பிரேனுக்குப் பின்னால் இருந்த பெட்டிகள் நசுங்கியிருப்பது தெரியவந்தது. அதே சமயத்தில் கத்தார் 2,66,000 கன மீட்டர் வரை போகும் கப்பல்களுக்கு ஆர்டர் கொடுத்துக்கொண்டிருந்தது. ஆய்வுக்குப் பணம் கொட்டத் தொடங்கியது தற்செயல் இல்லை.

சரி, எவ்வளவு வரை நிரப்பலாம்?

மெம்பிரேன் கப்பல்களுக்குப் பரவலாக இருக்கும் விதி: நடுக்கடலில் தொட்டியின் திரவ மட்டம் உயரத்தில் ஏறத்தாழ 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், அல்லது 70 சதவீதத்துக்கு மேலே இருக்க வேண்டும். இடையில் நிற்கக் கூடாது. கப்பலுக்குக் கப்பல் எண் மாறும். கீழ் எல்லையைச் சில கப்பல்களில் தொட்டி நீளத்தை வைத்துச் சொல்வார்கள், மேல் எல்லை பழைய கப்பல்களில் 80 சதவீதம்கூட உண்டு. வழக்கமான ஓட்டத்தில் இது இடைஞ்சலே இல்லை. போகும்போது 98 சதவீதத்துக்கு மேல் நிறைத்துக்கொண்டு போவார்கள், வரும்போது அடியில் கொஞ்சம் விட்டுக்கொண்டு வருவார்கள்.

சிக்கல் வருவது வேறு இடத்தில். துறைமுகத்தில் சரக்கு இறக்கிக்கொண்டிருக்கும்போது பாதியில் புயல் எச்சரிக்கை வந்து கப்பல் உடனே வெளியேற வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு தொட்டியும் பாதிப் பாதியாக நிற்கும். அப்போது சரக்குக்குப் பொறுப்பான சீஃப் ஆஃபீசர் செய்வது, ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்குச் சரக்கை மாற்றி, சிலதை நிறைத்து, சிலதை அடிமட்டத்துக்குக் கொண்டுவருவது. சொல்ல எளிது. ஒரு தொட்டியில் 40,000 கன மீட்டர், மாற்ற மணிக்கணக்கில் ஆகும். இதற்கான திட்டத்தைச் சரக்கு இறக்கத் தொடங்கும் முன்பே போட்டு வைப்பவர்தான் கெட்டிக்கார ஆஃபீசர்.

நிறைந்த தொட்டியில் அடியே விழாதா?

விழும். அடிக்கும் இடம்தான் மாறும். மட்டம் தாழ்ந்திருந்தால் திரவம் சுவர்போல எழுந்து தரையோடு ஓடிவந்து எதிர்ச்சுவரில் மோதும். கால்வாசிக்கு மேல் இருந்தால் அலை மடிந்து உடைந்தபடி சுவரில் அடிக்கும். 70 சதவீதத்துக்கு மேல் போனால் கூரையும் கூரைமூலையும் வாங்கும், அதுவும் கப்பல் முன்னும் பின்னுமாகக் குத்தி எழும்போது. தொட்டியின் மேல்மூலைகளைச் சாய்வாக வெட்டி எண்கோணமாக வைத்திருப்பதற்கு ஒரு காரணம் இது. மட்டம் உயர உயர மேற்பரப்பின் அகலம் குறையும், ஆட்டத்துக்குக் களம் சுருங்கும்.

அலையின் ஒரு அடியில் எவ்வளவு அழுத்தம்?

27 மீட்டர் உயரத்துக்கு எல்என்ஜி அசையாமல் நின்றால் தொட்டியின் தரையில் அதன் எடையால் வரும் அழுத்தம் சுமார் 1.2 பார். (ஒரு பார் என்பது நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் அளவு.) எல்என்ஜி தண்ணீரில் பாதி கனம்கூட இல்லை, கன மீட்டருக்கு சுமார் 450 கிலோ. அதே திரவம் அலையாக வந்து அடித்தால், பொட்டு அளவு இடத்தில், ஒன்றிரண்டு மில்லிநொடிக்கு, பத்துக்கணக்கான பார் வரை எகிறலாம். 10 பார் என்பது சதுர மீட்டருக்கு 100 டன். திரவம் நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் சுவரைத் தட்டையாக மோதினால், அதில் ஒலி பரவும் வேகத்தை வைத்துப் போடும் எளிய கணக்கே 60 பார் பக்கம் காட்டும்.

ஆனால் உச்ச எண்ணைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. விரல்நுனி அளவு இடத்தில் 50 பார் விழுந்தால் ஒரு மீட்டர் அகலப் பெட்டிக்கு அது பெரிதாகத் தெரியாது. 5 பார்தான், ஆனால் பெட்டி முழுவதிலும், 20 மில்லிநொடிக்கு என்றால் அதுதான் ஆபத்து. எவ்வளவு அழுத்தம் என்பதோடு எவ்வளவு பரப்பில், எவ்வளவு நேரம் என்பதையும் சேர்த்துக் கேட்காத பேச்சு வெறும் பேச்சு. செய்திக் கட்டுரைகளில் உச்ச எண்ணை மட்டும் தலைப்பில் போடுவதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

அலை சுவரைத் தொடும் அந்த நொடியில் உண்மையில் என்ன நடக்கிறது?

ஆய்வின் சுவாரஸ்யமே இங்கேதான். மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள்.

முதலாவது நேரடி அறை. அலையின் நுனி சுவரில் பட்டவுடன், தொடும் புள்ளியில் திரவமே அமுங்குகிறது. மிகக் கூர்மையான அழுத்தம், மிகக் குறைந்த நேரம்.

இரண்டாவது பீய்ச்சல். அலை சுவரில் பட்டுத் திசை திரும்பி மேலேயோ கீழேயோ தாரையாக ஓடும். திரும்பும் அந்த வேர்ப்புள்ளியில் அழுத்தம் குவியும், தாரையோடு சேர்ந்து சுவரில் நகர்ந்துகொண்டே போகும். இதில் ஒரு விநோதமான வகை உண்டு. அலையின் முகமும் சுவரோரம் ஏறிவரும் நீரும் ஒரே புள்ளியில் குவிந்து, மோதாமலேயே மேலே விசிறி அடிக்கும். அதற்கு ஃப்ளிப்-த்ரூ என்று பெயர் வைத்தவர்கள் குக்கர், பெரெக்ரின் என்ற இரண்டு பிரிட்டிஷ் கணிதவியலாளர்கள், 1990-களின் தொடக்கத்தில். அலை சுவரை அடிக்கவே இல்லை என்றுகூடச் சொல்லலாம், அழுத்தம் மட்டும் பயங்கரமாக இருக்கும்.

மூன்றாவது சிறைபட்ட வாயு. அலை மடிந்து நுனி முதலில் பட்டால், உள்ளே ஒரு வாயுப் பை மாட்டிக்கொள்ளும். அது அமுங்கி விரிந்து அமுங்கி விரிந்து துடிக்கும். உச்ச அழுத்தம் அவ்வளவு இல்லை, ஆனால் பரப்பு பெரிது, நேரம் நீளம். மேலே சொன்ன பெட்டிக் கணக்குப்படி இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. இந்த வாயுப் பையை முதலில் ஒழுங்காக ஆராய்ந்தவர் ரால்ஃப் பாக்னால்ட், 1939-இல், துறைமுகத் தடுப்புச் சுவர்களில் விழும் அலைகளுக்காக. மணல்மேடுகள் எப்படி நகர்கின்றன என்று சொன்ன அதே பாலைவன ஆராய்ச்சியாளர்தான்.

உண்மையான ஒரு அடியில் இந்த மூன்றும் கலந்தே இருக்கும். மார்க் 3 மடிப்புகள் இன்னும் கலைத்துவிடும். சுவரில் ஏறும் தாரை ஒவ்வொரு மடிப்பிலும் தட்டிக்கொண்டு போகும், அந்தத் தட்டல்தான் மடிப்பைச் சாய்க்கிறது.

ஒரே சோதனையைத் திரும்பச் செய்தால் ஒரே விடை வராதா?

வராது, இந்தத் துறையின் மையமே இதுதான். மாதிரித் தொட்டியை கணினிக் கட்டுப்பாட்டில் அச்சுப் பிசகாமல் அதே ஆட்டம் ஆட்டினாலும், பெரிய அலை அதே நேரத்தில், அதே இடத்தில், அதே வடிவில் வரும். ஆனால் ஒரு சென்சார் காட்டும் உச்ச அழுத்தம் ஒரு முறைக்கும் மறு முறைக்கும் பல மடங்கு மாறும். அலை சுவரை நெருங்கும்போது நடுவில் மாட்டும் வாயு வேகமாகத் தப்பி ஓடுகிறது. அந்தக் காற்று அலையின் நுனியை உரசி நாராகவும் துளியாகவும் கிழிக்கிறது. முந்தைய ஆட்டத்தில் சிதறிய துளிகளும் மேற்பரப்பில் விழுந்து அதைக் கரடுமுரடாக்கி வைத்திருக்கும். கடைசிச் சில சென்டிமீட்டரில் நடப்பதுதான் உச்சத்தைத் தீர்மானிக்கிறது, அதை யாராலும் திரும்பச் செய்ய முடியவில்லை.

அதனால் ஒரு சோதனையின் எண்ணை வைத்து யாரும் வடிவமைப்பதில்லை. ஒரே கடல்நிலையைப் பல மணி நேரத்துக்குச் சமமாகத் திரும்பத் திரும்ப ஓட்டி, ஆயிரக்கணக்கான அடிகளைச் சேகரித்து, புள்ளியியல் வளைவு பொருத்தி, கப்பலின் ஆயுளில் வரக்கூடிய மிகப் பெரிய அடி எவ்வளவு என்று நீட்டிப் பார்க்கிறார்கள். அந்த நீட்டிப்பில்தான் கருத்து வேறுபாடுகள் அத்தனையும். வளைவின் வாலில் இருக்கும் ஒன்றிரண்டு புள்ளிகள் விடையையே மாற்றிவிடும். ஐசோப் என்ற சர்வதேச கடல்சார் பொறியியல் அமைப்பின் ஆண்டு மாநாட்டில் இதற்கென்று தனி அமர்வே உண்டு. 2012-இல் பல நாட்டு ஆய்வகங்கள் ஒரே சோதனையைத் தனித்தனியாகச் செய்து ஒப்பிட்டுப் பார்த்ததும் அங்கேதான்.

ஆய்வகத்தில் எப்படிச் செய்கிறார்கள்?

40-இல் ஒரு பங்கு அளவில் கண்ணாடி போன்ற அக்ரிலிக்கில் தொட்டி செய்வார்கள். ஒரு மீட்டர் சொச்சம் நீளம் வரும். அதை ஆறு கால்களில் நிற்கும் ஹெக்ஸாபாட் மேடையில் ஏற்றினால் கப்பலின் ஆறு வகை அசைவும் கிடைக்கும். பிரான்சில் ஜிடிடி, தென்கொரியாவில் சியோல் தேசியப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் இப்படிப்பட்ட மேடைகள் உண்டு. சுவர்களில் சில மில்லிமீட்டர் அகலமே உள்ள அழுத்த சென்சார்களைக் கொத்துக்கொத்தாகப் பதித்து, நொடிக்கு 20,000 தடவைக்கு மேல் பதிவு செய்வார்கள். 40-இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 6.3 என்பதால் மாதிரியில் காலமும் அந்த அளவுக்கு வேகமாக ஓடும். கடலின் 5 மணி நேரம் அங்கே சுமார் 47 நிமிடம்.

திரவத்துக்குத் தண்ணீரே போதும். வாயுதான் தகராறு. எல்என்ஜி-க்கு மேலே இருக்கும் குளிர்ந்த வாயு கனமானது, அடர்த்தியில் திரவத்தின் 250-இல் ஒரு பங்கு. சாதாரணக் காற்று தண்ணீரில் 800-இல் ஒரு பங்குதான். வாயு கனமாக இருந்தால் அலையின் வேகத்தைத் தடுத்து அடியைக் குறைக்கும். எனவே காற்றுக்குப் பதில் சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளூரைடையும் நைட்ரஜனையும் கலந்து நிரப்பினார்கள், விகிதம் சரியாக வந்தது. ஆனால் சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளூரைடு கார்பன் டை ஆக்ஸைடைப் போல 20,000 மடங்குக்கு மேல் பூமியைச் சூடேற்றும் வாயு. சுத்தமான எரிபொருள் என்று விற்கும் சரக்குக்காக அதைக் கையாள்வது எனக்கு எப்போதும் கொஞ்சம் உறுத்தலாகவே இருக்கும்.

மாதிரியில் கிடைத்த எண்ணை அப்படியே பெருக்கினால் கப்பலுக்கு வந்துவிடாதா?

அலைக்கு வரும், அடிக்கு வராது. பெரிய அலையை ஆள்வது புவியீர்ப்பு, அது அழகாகப் பெருகும். அந்தக் கணக்குப்படி அழுத்தத்தை 40 மடங்கும், அப்புறம் அடர்த்திக்காக 0.45-ஆலும் பெருக்கினால் 18 வரும். மாதிரியில் அரை பார் என்றால் கப்பலில் 9 பார்.

வாயுப் பை இந்தக் கணக்குக்குள் அடங்காது. அமுங்கும் வாயு அளவுகோலுக்கு ஏற்ப மென்மையாக வேண்டுமானால் மாதிரியில் காற்றழுத்தத்தையும் 40-இல் ஒரு பங்குக்கு இறக்க வேண்டும். இறக்காவிட்டால் பை இருக்க வேண்டியதைவிட விறைப்பாக இருந்து, அடியைக் கூட்டிக் காட்டும். கூட்டிக் காட்டுவது பாதுகாப்பின் பக்கம்தானே என்று விட்டுவிடுவோரும் உண்டு, கப்பல் கட்டுபவருக்கு அதில் செலவு கூடுகிறது என்போரும் உண்டு. பரப்பு இழுவிசை, துளி சிதறுவது எதுவுமே சரியாகச் சிறியதாவதில்லை.

அதற்கும் மேல் ஒன்று: எல்என்ஜி எப்போதும் கொதிநிலையில் இருக்கும் திரவம். மாட்டிக்கொண்ட ஆவி அமுங்கும்போது ஒரு பகுதி மறுபடி திரவமாகலாம், அப்போது மெத்தை போல் இருக்க வேண்டிய பை காணாமல் போகும். நெதர்லாந்தின் வாஹனிங்கனில் மாரின் ஆய்வு நிறுவனம் இதற்காகவே மூடிய பெரிய உருளைக் கலத்துக்குள் ஒரு அலைக் கால்வாயை வைத்திருக்கிறது. உள்ளே அழுத்தத்தையும் வெப்பநிலையையும் வாயுவையும் மாற்றலாம், தண்ணீரை அதன் கொதிநிலையிலேயே வைத்து அலை எழுப்பலாம்.

முழு அளவில் யாரும் சோதித்ததில்லையா?

செய்திருக்கிறார்கள். ஸ்லோஷெல் என்ற கூட்டுத் திட்டம், 2006 வாக்கில் தொடங்கியது. நெதர்லாந்தின் டெல்டா ஃப்ளூம் என்ற, கடற்கரைக் கரைமேடுகளைச் சோதிக்கக் கட்டிய 200 மீட்டருக்கு மேல் நீளமான அலைக் கால்வாயில் ஒரு தடித்த சுவர் எழுப்பி, அதில் கப்பலில் வைக்கும் அதே மெம்பிரேன் பலகைகளைப் பொருத்தினார்கள். முதலில் என்ஓ96, பிறகு மார்க் 3. பல அலைகளைச் சரியான நேரக் கணக்கில் அனுப்பி எல்லாம் சுவருக்கு முன்னால் ஒன்றுகூடி உடையும்படி செய்தார்கள். சில சென்டிமீட்டர் முன்னே உடைந்தால் ஒரு வகை அடி, பின்னே உடைந்தால் வேறு வகை. திரவம் தண்ணீர்தான், ஆட்டமும் கப்பலினுடையது அல்ல. ஆனால் உண்மையான பலகை அடியை எப்படி வாங்குகிறது என்று முதன்முறை கண்ணால் பார்க்க முடிந்தது. மேலே சொன்ன மூன்று வகைப் பிரிவும் பெரும்பாலும் இந்தப் பதிவுகளிலிருந்து தெளிவானதுதான்.

கணினியிலேயே எல்லாம் போட்டுப் பார்க்கலாமே?

பெரிய அலை எங்கே, எப்போது எழும் என்று கணினி நன்றாகவே சொல்லும். பம்புக் கோபுரத்தின் மீதான விசைக்கும் அது போதும். உச்ச அழுத்தத்துக்கு மில்லிமீட்டர் கட்டமும் மைக்ரோநொடிப் படியும் வேண்டும், அதையும் நூற்றுக்கணக்கான தடவை ஓட்ட வேண்டும். இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை.

தளும்பலால் கப்பல் கவிழ்ந்துவிடுமா?

எல்என்ஜி கப்பலைப் பொறுத்தவரை அந்தக் கவலை வேண்டாம், சரக்குத் தொட்டி தளும்பி மூழ்கிய பெரிய எல்என்ஜி கப்பல் கிடையாது. திரவம் ஒரு பக்கம் சேர்ந்து நிலைத்தன்மை குறைவது வேறு விஷயம். 1987-இல் பெல்ஜியத்தின் ஸேப்ரூகே அருகே ஹெரால்டு ஆஃப் ஃப்ரீ எண்டர்பிரைஸ் கவிழ்ந்து 193 பேர் இறந்தது அப்படி, திறந்திருந்த முன்கதவு வழியாக வாகனத் தளத்தில் ஏறிய கடல்நீரால்.

உருண்டைத் தொட்டி வைத்த கப்பல்கள் இருக்கின்றனவே, அதையே கட்டலாமே?

நார்வேயின் மாஸ் வகை. மேல்தளத்துக்கு மேலே அரை உருண்டைகள் தெரியும். மூலையே இல்லாததால் அடி குறைவு, எந்த மட்டத்திலும் ஓடலாம். ஆனால் அதே கொள்ளளவுக்குக் கப்பல் பெரிதாகும், காற்றை வாங்கும், கால்வாய்க் கட்டணமும் கூடும். ஜப்பானின் ஐஹெச்ஐ உள்ளே தடுப்புகளோடு ஒரு பெட்டி வடிவத் தொட்டியை உருவாக்கியது. நல்ல தீர்வு, விலைதான் அதிகம். கடைசியில் ஜெயித்தது மெம்பிரேன். பணக் கணக்கு பிரச்சினையைத் தேர்ந்தெடுத்தது, தீர்க்கும் வேலை ஆய்வகத்துக்கு வந்தது.

இந்தியாவுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

எண்ணூரில் 2019-இல் தொடங்கிய எல்என்ஜி முனையம் நாட்டின் கிழக்குக் கரையில் முதலாவது, ஆண்டுக்கு 50 லட்சம் டன் திறன். அங்கே வரும் பெரும்பாலான கப்பல்களுக்கு மேலே சொன்ன நிரப்பு விதிதான். வங்கக் கடலில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம் என்பதால், பாதியில் வெளியேற வேண்டிவந்தால் என்ன செய்வது என்பது அங்கே வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல. ஆய்வுப் பக்கம், சென்னை ஐஐடியின் கடல்சார் பொறியியல் துறையில் ஒரு மிதவைக்குள் தொட்டியைப் பொருத்தி, அலைக் கால்வாயில் மிதக்கவிட்டு, வெளி அலையும் உள் அலையும் ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கின்றன என்று சோதித்திருக்கிறார்கள். துளையிட்ட தடுப்புகள் ஆட்டத்தை எவ்வளவு அடக்கும் என்பதும் அதில் அடக்கம்.

நிரப்பு விதி இருக்கிறதே, பிறகு ஏன் இன்னும் ஆய்வு?

ஏனென்றால் விதியைக் கடைப்பிடிக்க முடியாத கப்பல்கள் வந்துவிட்டன. கடலிலேயே எரிவாயுவைத் திரவமாக்கிச் சேமிக்கும் மிதக்கும் ஆலையில் தொட்டி தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நிறையும், எல்லா மட்டத்தையும் கடந்தே ஆக வேண்டும். ஆஸ்திரேலியாவுக்கு வடமேற்கே நிற்கும் 488 மீட்டர் நீள ப்ரிலூட் ஆலையில் தொட்டிகளை இரண்டு வரிசையாக வைத்தது இதற்காகவும்தான். அகலம் பாதியானால் தொட்டியின் தாளமும் வேகமாகி, கடலின் தாளத்தை விட்டு விலகும்.

எல்என்ஜி-யையே எரிபொருளாகக் குடிக்கும் கப்பல்கள் இன்னொன்று. 2020-இல் வந்த சிஎம்ஏ சிஜிஎம் ஜாக் சாடே கன்டெய்னர் கப்பலில் 18,600 கன மீட்டர் மெம்பிரேன் எரிபொருள் தொட்டி இருக்கிறது. எரிபொருள் தொட்டி பயணம் முழுக்கக் குறைந்துகொண்டேதான் போகும், 10-க்குக் கீழே, 70-க்கு மேலே என்று அதனிடம் பேச முடியாது. ஆகவே அங்கே பலகையை வலுப்படுத்துகிறார்கள், வடிவத்தை மாற்றுகிறார்கள்.

ஹைட்ரஜனும் அம்மோனியாவும் வந்தால்?

இரண்டும் எதிரெதிர். திரவ ஹைட்ரஜன் கன மீட்டருக்கு 71 கிலோதான், அடி லேசு. ஆனால் மைனஸ் 253 டிகிரியில் இருக்கும் அது தளும்பும்போது மேலே இருக்கும் வாயு சட்டென்று குளிர்ந்து தொட்டியின் அழுத்தமே ஏறி இறங்கும். அங்கே கவலை சுவரைப் பற்றியதைவிட அழுத்தத்தைப் பற்றியது. ஜப்பானின் சுய்சோ ஃப்ரான்டியர் கப்பல் 2022-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து அதைக் கொண்டுவந்தது 1,250 கன மீட்டர் தொட்டியில். அந்தத் தொட்டியைப் பல மடங்கு பெரிதாக்கும்போதுதான் கேள்விகள் உண்மையில் தொடங்கும். அம்மோனியா கன மீட்டருக்கு சுமார் 680 கிலோ, எல்என்ஜி-யைவிட ஒன்றரை மடங்கு கனம். இன்று எல்என்ஜி-க்குக் கட்டிய தொட்டியில் நாளை அம்மோனியா ஊற்றிக்கொள்ளலாம் என்று விற்பனையாளர் சொன்னால், அந்தக் கூடுதல் அடியைத் தொட்டி வடிவமைப்பில் சேர்த்தார்களா என்று கேளுங்கள்.

இந்தத் துறையில் வேலை செய்ய என்ன படிக்க வேண்டும்?

நேவல் ஆர்க்கிடெக்சர் அல்லது ஓஷன் இன்ஜினியரிங். சென்னை ஐஐடி, கரக்பூர் ஐஐடி, கொச்சி குசாட், இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் விசாகப்பட்டினம் வளாகம் எல்லாம் வழிதான். மெக்கானிக்கல் படித்துவிட்டுத் திரவ இயக்கவியல் வழியாக வந்தவர்களும் நிறைய. ராக்கெட் பக்கமும் இதே அறிவு தேவைப்படுகிறது. ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன் 1 ராக்கெட் 2007-இல் இரண்டாவது முயற்சியில் சுற்றுப்பாதைக்குப் போகாமல் போனது, மேல்நிலைத் தொட்டியில் திரவ ஆக்சிஜன் தளும்பியதால்தான். ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன்: புள்ளியியலைத் தேர்வுக்கு மட்டும் படித்துவிட்டு வராதீர்கள், அரிய நிகழ்வுகளின் புள்ளியியலை ஒழுங்காகக் கற்றவர்கள்தான் இங்கே குறைவு.